பெயரை மட்டும்தான் மாற்றினேன்

முத்துக்கனி என்கிற பெண்ணுக்குப் பதினோரு வருடமாகப் பார்த்துவந்த வேலை போனது என் வாயால். முதலில் அதைக் கேட்டுக்கொள், பெனிட்டா. கம்பெனி எடுத்தது, எச்.ஆர். எடுத்தது என்று தொழிலாளர் துறைக்குப் போட்ட மனுவில் இருக்கிறது. அதுவும் உண்மைதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்கு ஆளைக் காட்டிக்கொடுத்தது நான். மேடையில் நின்று, மைக்கைப் பிடித்து, கைதட்டு வாங்கிக்கொண்டு காட்டிக்கொடுத்தேன்.

உட்கார். டீ சொல்லியிருக்கிறேன். பேராசிரியர் உன்னை என்னிடம் அனுப்பினாராக்கும். "அறிவுச்செல்விகிட்ட நிறையப் பேட்டி இருக்கு, ஒலிப்பதிவோட வாங்கிக்கம்மா" என்றிருப்பார். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கமும் என்கிற தலைப்பை நான் பாதியில் விட்டுவிட்டேன், நீ எடுத்துச் செய்யப்போகிறாய். நல்ல தலைப்பு. என்னிடம் இருபத்துமூன்று பேட்டி இருக்கிறது. இருபத்திரண்டை இப்போதே உன் பென்டிரைவில் போட்டுத் தருகிறேன். மிச்சம் ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான் இந்த டீ.

முத்துக்கனி அக்கா டெஸ்டிங்கில் இருந்தார். அதாவது ஒருவர் எழுதின மென்பொருளில் எங்கே தப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்கிற வேலை. தூத்துக்குடிக்காரர். அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். மேடவாக்கத்தில் வீடு, ஆறாவது படிக்கிற ஒரு மகள். என் அறைத்தோழிக்குத் தெரிந்தவர் என்பதால் பேட்டிக்கு ஒப்புக்கொண்டார். சோழிங்கநல்லூரில் அவர்கள் கட்டடத்துக்கு எதிரே ஒரு ஜூஸ் கடை. போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். பெயர் வராது, கம்பெனி வராது, எந்த டீம் என்பது வராது, இவர் யார் என்று யாருக்கும் தெரியாது என்று நான்கு வரி. கீழே என் கையெழுத்து. அவர் அதைப் படிக்கவேயில்லை. "நீ படிச்ச பிள்ள, சரியாத்தான் எழுதியிருப்ப" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

என் முதல் கேள்வி என்ன தெரியுமா? "நீங்க உங்களைத் தொழிலாளின்னு நினைக்கிறீங்களா?"

அவர் சாத்துக்குடி ஜூஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏ பிள்ள, அந்த வார்த்தையில இருந்து வெளிய வரணும்னுதான் எங்கப்பா என்னைய பி.இ. படிக்க வச்சாவ. நீ திரும்பவும் அதுக்குள்ளயே பிடிச்சுத் தள்ளுத."

பேட்டி எடுப்பவர் விவாதம் செய்யக்கூடாது. முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள், உனக்கும் சொல்லியிருப்பார்கள். நான் அரைமணி நேரம் விவாதம் செய்தேன். நேரம் காலம் இல்லாமல் வேலை வாங்குகிறார்கள், ரேட்டிங் என்று சொல்லி வருடா வருடம் பத்துப் பேரைக் கழித்துக்கட்டுகிறார்கள், தட்டிக்கேட்க ஆளில்லை, இதற்குச் சங்கம் இல்லாமல் வேறென்ன வழி என்று. அவர் சிரித்தார்.

"நீ பேட்டி எடுக்க வந்தியா, கேஸ் நடத்த வந்தியா?"

"பதில் சொல்லுங்கக்கா."

"சங்கத்த நான் பாத்திருக்கேன் பிள்ள. உப்பளத்துல வேலைய நிறுத்துனா உப்பு பாத்தியிலயே கெடக்கும், மொதலாளி ஓடி வருவாரு. நாங்க இங்கன நிறுத்துனா, கிளையன்ட்டுக்கு மணிலாவுல ஆளு ரெடியா இருக்கு. எவன் ஓடி வருவான், சொல்லு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. நீ உன் ஆய்வில் முதலில் இதற்குப் பதில் தேடு, அதுதான் உருப்படியான கேள்வி. நான் என்ன செய்தேன்? அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அவர் சங்கத்தில் சேரவில்லை. ஆனால் அவர் டீமிலேயே மூன்று பேர் சத்தமில்லாமல் சேர்ந்திருந்தார்கள். பேச்சுவாக்கில் அந்த மூன்று பெயரையும் சொல்லிவிட்டார். யார் எதற்குப் பயப்படுகிறார்கள், யாருடைய வீட்டில் விஷயம் தெரியாது, எல்லாம். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "வாய் தவறிட்டு. இத எழுதிராத என்ன?" எழுதமாட்டேன் என்றேன். எழுதவும் இல்லை. ஆனால் மேசைமேல் என் கைபேசியில் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகுதான் அந்த வரி வந்தது. உங்க வேலை என்னன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கக்கா என்று கேட்டேன். சொன்னார்:

"பதினோரு வருசமா அடுத்தவன் எழுதுன கோடிங்ல பேன் பாக்கேன் பிள்ள. ஈரு கூட விடமாட்டேன். பேன் பாத்தவளுக்கு என்ன பட்டம் குடுத்தாவ தெரியுமா? லீட்."

சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். லீட் என்றால் தலைவி மாதிரி. அந்தப் பட்டம் கிடைத்த அன்று ஊரிலிருந்து முந்திரி மக்ரூன் இனிப்பு வரவழைத்து மாடி முழுக்கக் கொடுத்தாராம். அவருக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது. ஒருவருக்கு அரைநாள் லீவு கொடுக்கக்கூட அதிகாரம் கிடையாது. "எனக்குக் கீழ என் நிழலு மட்டுந்தான்" என்றார். பட்டம் மட்டும் லீட்.

இருபத்திரண்டு பேட்டியில் ஒருவர்கூட இப்படிப் பேசவில்லை. எல்லோரும் 'ஒர்க் பிரஷர்' என்பார்கள், 'ஸ்ட்ரெஸ்' என்பார்கள். அறைக்கு வந்து அந்த வரியைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டேன். கட்டம் போட்டபோதே எனக்குத் தெரியும், இதை எங்கேயாவது சொல்லாமல் இருக்கமாட்டேன் என்று.

பிப்ரவரியில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கு. ஐ.டி. துறைக்குத் தொழிற்சங்கம் தேவையா? தேவை என்று நான். தேவையில்லை என்று ஒரு பெரிய மனிதர். ஏதோ ஒரு கம்பெனியில், முத்துக்கனி அக்காவின் கம்பெனியில் இல்லை, எச்.ஆர். தலைவராக இருந்து ஓய்வுபெற்றவர். மரியாதையாகப் பேசினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இந்தப் பெண் நல்லாப் பேசுது. ஆனா ஒண்ணு கேக்குறேன். ஏசியில உட்கார்ந்து, கேப்ல போய் வர்ற பிள்ளைங்க ஒருத்தராவது தன்னைத் தொழிலாளின்னு சொல்லி நீ கேட்டிருக்கியாம்மா? ஒரு ஆளைக் காட்டு."

ஒரு ஆளைக் காட்டு. அரங்கமே என்னைப் பார்த்தது. நான் தோற்றுக்கொண்டிருந்தேன், பெனிட்டா. தோற்பது என்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், நாம் ஒரே விவாதக் குழுவில் இருந்திருக்கிறோம்.

காட்டினேன். "செண்பகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆரம்பித்தேன். பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன், கோவை என்றேன். கம்பெனியைச் சொல்லவில்லை. பேனையும் ஈரையும் மட்டும் அப்படியே விட்டேன். அக்கா இழுத்துச் சொன்ன அதே இழுப்பில் சொன்னேன். முடித்துவிட்டு, "இவர் தொழிலாளி இல்லையென்றால் வேறு யார் தொழிலாளி?" என்று கேட்டேன். கைதட்டு ஓய ஒரு நிமிடம் ஆனது. அந்தப் பெரியவரும் தட்டினார்.

இதில் இரண்டு தப்பு. ஒன்று உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். இன்னொன்று, அக்கா அந்த வரியைச் சொன்னது தான் தொழிலாளி என்று நிரூபிக்க அல்ல. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளச் சொன்னது. என் கடைசி வரியை நான் அவர் வாயில் வைத்துவிட்டேன். ஆய்வுநெறி பற்றி நான் எழுதிய அத்தியாயம் முப்பத்தெட்டுப் பக்கம். வேண்டுமானால் அதையும் தருகிறேன், நன்றாகவே இருக்கும்.

கல்லூரிக்காரர்கள் அந்தத் துண்டை மட்டும் வெட்டி வீடியோவாகப் போட்டார்கள். என்னைக் கேட்காமல் போட்டார்கள். நான் சாக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஐ.டி. பிள்ளைகளின் வாட்ஸப் குழுக்களில் அது பறந்தது. அக்காவின் கம்பெனியில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு தொகுதிக்கும் முதல்நாள் டெஸ்டிங் வகுப்பு எடுப்பது யார் என்கிறாய்? அவர்தான். அந்த வகுப்பில் அவர் சொல்கிற முதல் வாக்கியம் எது என்கிறாய்? "நான் முத்துக்கனி, பதினோரு வருசமா அடுத்தவன் கோடிங்ல பேன் பாக்கேன்." அந்தக் கட்டடத்தில் அவருக்குப் பெயரே பேன்க்காதான். யாரோ ஒரு பையன் பாசத்தில் எழுதினான்: "ஏய், இது நம்ம பேன்க்கா டயலாக் இல்ல?" கீழே நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். பிடித்ததால்தான் அடையாளம் தெரிந்தது.

பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவார் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆள் பேச்சில் இருக்கிறார். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இல்லை, இதுவும் சாக்குதான். விடு.

ஒன்றைச் சொல்லாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவை அவருக்கு முதலில் அனுப்பியதே நான்தான். "அக்கா, உங்க வரிக்குத்தான் இவ்வளவு கைதட்டு!" என்று. பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "பிள்ள இது எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பேச்சு. நான்தான்னு தெரிஞ்சிரும். எடுக்கச் சொல்லு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கல்லூரிக்கு ஒரு போன். அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? அக்காவுக்குப் பதில் எழுதினேன். ஒன்று, வீடியோவில் உங்கள் பெயர் இல்லை. இரண்டு, டெஸ்டிங்கில் ஆயிரம் பெண்கள் இருக்கிறார்கள். மூன்று, ஒருவேளை தெரிந்தாலும் ஒரு நகைச்சுவைக்காக யாரையும் வேலையைவிட்டுத் தூக்க முடியாது, சட்டத்தில் இடமில்லை. நான்கு, உங்கள் குரல் மற்றவர்களுக்குத் தைரியம் கொடுக்கும். எண் போட்டு எழுதினேன், பெனிட்டா. அவர் "சரி" என்று ஒரு வார்த்தை அனுப்பினார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மனசு கேட்காமல் கல்லூரிக்கு போன் செய்தேன், உடனே வீடியோவை எடுத்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள். முதல்நாளே கேட்டிருந்தாலும் எடுத்திருப்பார்கள்.

அடுத்த வாரம் அவரைப் பாலாற்றுக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கம்பெனியில் கூட்ட அறைக்கெல்லாம் ஆற்றுப் பெயர். காவேரியில் கிளையன்ட்டோடு பேசுவார்கள், வைகையில் பிறந்தநாள் கேக் வெட்டுவார்கள். பாலாறு எச்.ஆருக்கு மட்டும். "தண்ணி இல்லாத ஆறுதான், ஆனா இறங்குனா கரையேற முடியாது" என்று ஊழியர்கள் சொல்வார்களாம். அங்கே போனவர் திரும்பத் தன் இருக்கைக்கு வருவதில்லை. பையை செக்யூரிட்டி எடுத்துவந்து கொடுப்பார்.

உள்ளே நடந்தது எனக்கு மனுவைப் படித்துத்தான் தெரியும். பெரிய திரையில் வீடியோவைப் போட்டார்கள். என் முகம் சுவர் அளவுக்கு. எச்.ஆர். பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள், "இது உங்க ஜோக்தானே, முத்துக்கனி?"

"ஆமா."

"இந்தப் பொண்ணு யூனியன் ஆளாமே. நீங்களும் மெம்பரா?"

"இல்ல."

"உங்க டீம்ல வேற யாரு மெம்பர்? அதை மட்டும் சொல்லிட்டு நீங்க சீட்டுக்குப் போகலாம்."

"தெரியாது."

இரண்டு மணி நேரம். போன் வாங்கி வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இவரா, இவரா என்று கேட்டிருக்கிறார்கள். அந்த மூன்று பெயரும் நடுவில் வந்திருக்கிறது. ஒரே மாதிரி தலையை ஆட்டியிருக்கிறார். கடைசியில் ஒரு லேப்டாப்பைத் தள்ளி, 'சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்' என்று அவர் கையாலேயே அடிக்கவைத்தார்கள். அதில் ஒரு எழுத்துப் பிழை வந்ததாம். அவர் அதைத் திருத்திவிட்டு அனுப்பினாராம். இது மனுவில் இல்லை. சங்கத்தில் ஒருவர் சொன்னார். எனக்கு மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்காது.

அந்த மூன்று பேர்தான் அவரைச் சங்கத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர்கள் இன்னும் அதே டீமில் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்று கம்பெனிக்கு இன்றுவரை தெரியாது. சங்கம் தொழிலாளர் துறையில் மனு போட்டது. மனுவின் முதல் வரி: 'மனுதாரராகிய நான் ஒரு தொழிலாளி.' எந்த வார்த்தையிலிருந்து வெளியே வரப் படித்தாரோ அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

கம்பெனி பதில் கொடுத்தது. அவர் தானாக ராஜினாமா செய்தார். மேலும் அவர் தொழிலாளியே அல்ல, லீட், நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர், ஆகவே இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. மக்ரூன் கொடுத்துக் கொண்டாடின பட்டம்.

அந்தச் சமயத்தில்தான் சங்கத்தின் வழக்கறிஞர் கோமதிநாயகம் என்னைக் கூப்பிட்டார். "தோழர், உங்க கையில அவங்க பேட்டி இருக்காமே?" இருக்கிறது என்றேன். "ராஜினாமாவுக்கு முன்னாடியே, எனக்குக் கீழ யாரும் இல்ல, லீவு குடுக்கக்கூட அதிகாரம் இல்லன்னு அவங்களே பேசின பதிவுன்னா ரொம்ப உதவும். அதுல வேலையை விட்டுப் போற எண்ணம் எதுவும் இருக்கா?"

"இல்ல தோழர். மகளை அடுத்த வருஷம் எந்த ஸ்கூல்ல போடலாம், ஆபீஸ் பக்கத்துல எது நல்லதுன்னு பேசுறாங்க."

"அருமை. ஆனா முழுசா வேணும். நடுவுல வெட்டினா, ஜோடிச்சதுன்னு எதிர்த்தரப்பு சொல்லிடும். வெட்டாம குடுங்க. அவங்க சம்மதம் வாங்கிட்டு."

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? என் வாயால் போனது என் கையால் திரும்பி வரப்போகிறது. அப்போது அக்கா என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் அனுப்பிய பதினேழு மன்னிப்புச் செய்தியும், படித்ததற்கு அடையாளமாக நீலக்கோடு மட்டும் விழுந்து கிடந்தன. திட்டக்கூட இல்லை. ஆகவே ஒரு கடிதமாக எழுதினேன். ஒன்பது பக்கம். முதல் பக்கம் மன்னிப்பு. நிஜமான மன்னிப்பு, அழுதுகொண்டேதான் எழுதினேன். மீதி எட்டுப் பக்கம் அந்தப் பதிவை ஏன் கொடுக்கவேண்டும் என்பது.

அந்த மூன்று பெயர் பற்றி எழுதாமல் இல்லை. அதற்குத்தான் மூன்று பக்கம். சங்கத்தில் சேர்வது சட்டப்படி உரிமை, குற்றமில்லை என்றேன். மறைந்து மறைந்து இருக்கிற சங்கம் எப்போது வெளியே வரும் என்று கேட்டேன். உங்களுக்காக அவர்களும் ஒரு அடி எடுத்துவைக்கட்டுமே என்றேன். ஒருவருக்கு நிச்சயமாக நடந்த நஷ்டத்தையும் மூன்று பேருக்கு நடக்கலாம் நடக்காமலும் போகலாம் என்கிற ஆபத்தையும் தராசில் வைத்தால் எது கனம் என்று கேட்டேன். சரியான வாதம், பெனிட்டா. இப்போதும் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. நீ வேண்டுமானால் முயற்சி செய்து பார்.

அந்த மூன்று பேரிடம் கேட்டேனா என்கிறாய். இல்லை. கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் எனக்குப் பேட்டி கொடுத்தவர்கள் இல்லையே, அவர்களிடம் நான் படிவம் எதுவும் வாங்கவில்லையே.

நீ இப்படிப் பார்க்காதே.

பதினைந்து நாள் கழித்து, போன வியாழக்கிழமை பதில் வந்தது. குரல் செய்தி. வெள்ளிக்கிழமை தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னால் அடுத்த விசாரணை, அதற்குள் பதிவைக் கொடுத்தால் நல்லது என்று கோமதிநாயகம் தோழர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை போய்விட்டது. நான் கொடுக்கவில்லை. அழிக்கவும் இல்லை. பதிவு இந்தக் கைபேசியில்தான் இருக்கிறது. நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பதிவு இல்லாவிட்டால் அவர் வழக்கு தோற்கலாம். அவர் கோபத்தில் சொன்னதாக இருந்தால்? நாளைக்கு மனம் மாறினால்? யோசிப்பது தப்பா? சரி, அந்தப் பார்வையை விடு, டீ ஆறுகிறது, குடி. உனக்குப் போட்டுக் காட்டுகிறேன். நீயே கேட்டுவிட்டுச் சொல், இது கோபமா என்று.

"ஏ பிள்ள, முத்துக்கனி பேசுதேன். ஒன்பது பக்கத்தையும் வாசிச்சேன். நல்லா எழுதியிருக்க, பதில் சொல்ல எனக்குத் தெரியல. அந்த ரூம்ல ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுக் கேட்டாவ, நான் சொல்லல. இப்ப அதயே நானா மனுவோட சேத்துக் குடுக்கணும்னு சொல்லுத. வேண்டாம். கேஸு எனக்கு எப்படிப் போகுமோ அப்படிப் போட்டும். நீ அத அழிச்சிரு. அழிச்சிட்டேன்னு ஒத்த வார்த்த அனுப்பு, போதும். ஏன் எதுக்குன்னு எழுதாத."